நிதித் திட்டமிடுநரா, செல்வ மேலாளரா? யாரிடம், எதற்காகச் செல்வது

வங்கிக் கணக்கில் பெருந்தொகை ஒன்று வந்து சேரும் நாள், ஒருவருடைய வாழ்வில் அடிக்கடி வருவதன்று. பணி ஓய்வின்போது கிடைக்கும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும், பூர்விகச் சொத்தை விற்றதில் வந்த பங்கு, நெடுங்காலம் செலுத்திய காப்பீட்டின் முதிர்வுத் தொகை என அது எந்த வடிவில் வந்தாலும், அடுத்த சில நாள்களிலேயே ஆலோசனை கூற முன்வருவோரின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. ஒருவர் நீட்டும் அட்டையில் 'ஃபைனான்ஷியல் பிளானர்' என்றிருக்கும். மற்றொருவரின் அட்டையில் 'வெல்த் மேனேஜர்' என்றிருக்கும். முன்னவரை நிதித் திட்டமிடுநர் என்றும் பின்னவரைச் செல்வ மேலாளர் என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்விருவருள் யார் சிறந்தவர் என்பதே பலரும் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. நம்முடைய தேவை என்ன, எதிரில் அமர்ந்திருப்பவர் எந்தப் பதிவின்கீழ்ப் பணியாற்றுகிறார், அவருக்கு ஊதியம் தருபவர் யார் என்ற மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பார்த்தால், யாரை நாடுவது என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும். இக்கட்டுரையில் அம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இருவரின் பணியும் வேறுவேறு

நிதித் திட்டமிடுநரின் வேலை நம் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது. மாதச் செலவு எவ்வளவு, நம்மைச் சார்ந்திருப்போர் எத்தனை பேர், கடன் எவ்வளவு மீதம், பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் எத்தனை ஆண்டுகள் உள்ளன, ஓய்வுக்குப் பின் எவ்வளவு தேவைப்படும் என்பனவற்றை அவர் முதலில் கேட்டறிகிறார். அதன்பின் அவசரகால இருப்பு, ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வரி, கடன் அடைப்பு, முதலீடு ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி எழுத்து வடிவில் ஒரு திட்டத்தைத் தருகிறார். கையில் இரண்டு லட்சம் உள்ளவருக்கும் இத்திட்டம் தேவை. இரண்டு கோடி உள்ளவருக்கும் தேவை.

செல்வ மேலாளரின் வேலை, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சொத்திலிருந்து தொடங்குகிறது. பங்குகள், கடன் பத்திரங்கள், நிலம், தொழிலில் உள்ள பங்கு எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் செல்வத்தைத் தொகுத்து, ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதைக் குறைத்து, வரியைக் கணக்கிட்டு, அடுத்த தலைமுறைக்குச் சிக்கலின்றிச் சேர வழிசெய்து, இவற்றையெல்லாம் ஆண்டு முழுவதும் கவனித்து வருவதே அவருடைய பணி. வீடு கட்டுவதற்கு முன் வரைபடம் போட்டுத் தருபவர் ஒருவர். கட்டி முடித்த பல கட்டடங்களைப் பராமரித்து, வாடகை வசூலித்துத் தருபவர் மற்றொருவர். வரைபடமே இல்லாதவர் பராமரிப்பாளரைத் தேடிச் செல்வதுதான் நடைமுறையில் நாம் அதிகம் காணும் பிழை.

அட்டையில் உள்ள பெயரும் சட்டத்தில் உள்ள பெயரும்

நம் நாட்டில் மூலதனச் சந்தையை ஒழுங்குபடுத்துவது, செபி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம். 'ஃபைனான்ஷியல் பிளானர்' என்ற பெயரிலோ 'வெல்த் மேனேஜர்' என்ற பெயரிலோ செபியிடம் தனிப் பதிவுப் பிரிவு கிடையாது. எனவே அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயர் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. கவனிக்க வேண்டியவை பின்வரும் பதிவுகளே.

முதலாவது, பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். 2013-ஆம் ஆண்டின் செபி ஒழுங்குமுறை விதிகளின்கீழ் வரும் இவரது பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளுடன் தொடங்கும். நிதித் திட்டமிடல் என்ற பணிக்கு இவ்விதிகளிலேயே விளக்கம் தரப்பட்டுள்ளது. வாடிக்கையாளரின் நலனையே முதன்மையாகக் கருதும் நம்பிக்கைப் பொறுப்பு இவருக்கு உண்டு. வாடிக்கையாளர் எந்த அளவு இடரைத் தாங்குவார் என்பதை மதிப்பிட்டுப் பதிவு செய்வதும், எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்வதும் இவர் கடமை. இவர் கட்டணத்தை நம்மிடமிருந்தே பெறுகிறார். பரிந்துரைக்கும் திட்டங்களிலிருந்து கமிஷன் பெறக் கூடாது.

இரண்டாவது, பரஸ்பர நிதி விநியோகஸ்தர். இவருக்கு ஏ.ஆர்.என். எனப்படும் பதிவு எண் இருக்கும். நாம் செய்யும் முதலீட்டுக்காகப் பரஸ்பர நிதி நிறுவனம் இவருக்குக் கமிஷன் தருகிறது. முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர்கள் 'இண்டிபெண்டண்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைச் சூட்டிக்கொள்ளலாகாது என்று 2020-ஆம் ஆண்டு செபி விதித்தது. பெயரைக் கண்டு மக்கள் மயங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

மூன்றாவது, பி.எம்.எஸ். எனப்படும் தொகுப்பு மேலாண்மைச் சேவை நிறுவனம். இதன் பதிவு எண் ஐ.என்.பி. என்று தொடங்கும். நம் பணத்தை நம் சார்பில் பங்குகளிலும் பத்திரங்களிலும் முதலீடு செய்து நிர்வகிக்கும் அதிகாரத்தை இந்நிறுவனத்திடம் நாம் ஒப்படைக்கிறோம். இதில் சேரக் குறைந்தபட்சம் 50 லட்சம் ரூபாய் வேண்டும். செல்வ மேலாளர்கள் பரிந்துரைக்கும் மற்றொன்றான மாற்று முதலீட்டு நிதியில் சேர, பொதுவாகக் குறைந்தபட்சம் 1 கோடி ரூபாய் வேண்டும்.

நான்காவது, காப்பீட்டு முகவர். இவரை ஒழுங்குபடுத்துவது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். பாலிசி விற்பனைக்கு இவர் கமிஷன் பெறுகிறார்.

இங்கே வங்கிகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது முறை. வங்கிக் கிளையில் பரஸ்பர நிதித் திட்டமோ காப்பீட்டுப் பாலிசியோ தரப்படும்போது, வங்கி பொதுவாக விநியோகஸ்தராக அல்லது முகவராகவே செயல்படுகிறது. அதற்குக் கமிஷனும் பெறுகிறது. முதலீட்டு ஆலோசனைச் சேவையை வங்கிகள் தனித் துணை நிறுவனம் போன்ற தனி அமைப்பின் வழியாகவே நடத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-இல் அறிவுறுத்தியது. ஆகவே கிளையில் உங்களுக்கு ஒரு திட்டம் பரிந்துரைக்கப்பட்டால், "இது ஆலோசனையா, விநியோகமா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். வைப்புத்தொகை வேறு, பரஸ்பர நிதி வேறு. வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. பரஸ்பர நிதிக்கு அது கிடையாது. கடனோ பாதுகாப்புப் பெட்டகமோ பெறுவதற்குக் காப்பீட்டுப் பாலிசி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

ஊதியம் எங்கிருந்து வருகிறது?

கமிஷன் பெறுவோர் அனைவரும் நேர்மையற்றவர் என்று நாம் கூறவில்லை. சிறு தொகையில் முதலீட்டைத் தொடங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு நல்ல விநியோகஸ்தர் ஒருவர் பக்கபலமாக இருந்திருக்கிறார். சந்தை சரிந்தபோது அச்சத்தில் விற்றுவிடாமல் அவர் தடுத்து நிறுத்தியதால் காப்பாற்றப்பட்ட சேமிப்புகளும் உண்டு. ஆயினும் ஊதியம் வரும் திசையை அறிந்திருந்தால்தான், ஒரு பரிந்துரையை நாம் சரியாக எடைபோட முடியும்.

கடந்த சில ஆண்டுகளில் இத்துறையில் நடந்த மாற்றங்கள் அனைத்தும் இந்தத் திசையைப் பற்றியவையே. 2009 ஆகஸ்ட் 1 முதல், பரஸ்பர நிதியில் நுழையும்போது முதலீட்டாளரிடம் பிடிக்கப்பட்டு வந்த நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. 2013 ஜனவரி 1 முதல், விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத 'டைரக்ட் பிளான்' என்னும் நேரடித் திட்டம் ஒவ்வொரு நிதியிலும் கிடைக்கத் தொடங்கியது. 2018-இல் விநியோகஸ்தருக்கு முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் தரும் வழக்கத்தைச் செபி நிறுத்தியது; முதலீடு தொடரும் காலத்திற்கேற்ப மட்டுமே தர வேண்டும் என்றாயிற்று.

பதிவு பெற்ற ஆலோசகர் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருத்தப்பட்ட வரம்பின்படி, நிலையான கட்டணமாக ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 1,51,000 ரூபாய் வரை பெறலாம்; ஆலோசனைக்குட்பட்ட சொத்தின் மதிப்பில் சதவீதக் கணக்கில் பெறுவதானால் ஆண்டுக்கு 2.5 சதவீதம் வரை பெறலாம். இவை உச்சவரம்புகள் மட்டுமே. இவற்றுக்குக் கீழே எவ்வளவு என்பது பேசி முடிவு செய்ய வேண்டியது.

சதவீதம் என்னும் சொல் சிறியதாகத் தோன்றும். அதை ரூபாயில் மாற்றிப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகள் முதலீடு செய்கிறோம் என்றும், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்றும் கணக்குக்காகக் கொள்வோம். இறுதியில் ஏறத்தாழ 3 கோடியே 36 லட்சம் ரூபாய் இருக்கும். ஆண்டுதோறும் 1 சதவீதம் கட்டணமாகப் போய் 9 சதவீதமே மிஞ்சுமானால், இறுதித் தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். வேறுபாடு 56 லட்சம் ரூபாய். அதாவது முதலில் போட்ட தொகையைவிட அதிகம். அந்த 1 சதவீதத்துக்கு ஈடான பணி நமக்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. கிடைத்தால் அது செலவன்று. கிடைக்காவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.

விநியோகஸ்தர் வழியாக முதலீடு செய்வோர் தாம் எவ்வளவு தருகிறோம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், ஒவ்வொரு திட்டத்துக்காகவும் விநியோகஸ்தருக்குத் தரப்பட்ட கமிஷன் ரூபாயில் குறிப்பிடப்பட்டிருக்கும். பலர் அப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அதைக் கண்டவுடன் அவசரப்பட்டு நேரடித் திட்டத்துக்கு மாறிவிடவும் வேண்டாம். அவ்வாறு மாறுவது, பழையதை விற்றுப் புதியதை வாங்குவதாகவே கருதப்படும். மூலதன ஆதாய வரியும் வெளியேறும் கட்டணமும் வரக்கூடும். கணக்குப் பார்த்த பின்னரே மாற வேண்டும்.

மூன்று குடும்பங்கள்

இதுவரை கண்டவற்றை மூன்று கற்பனைக் குடும்பங்களின் கணக்கில் பொருத்திப் பார்ப்போம்.

முதற் குடும்பம், முப்பதுகளில் உள்ள தம்பதியர். இருவரும் வேலைக்குச் செல்கின்றனர். வீட்டுக் கடன் தவணை போக மாதம் 25,000 ரூபாய் மிச்சம். இதுவரை சேர்ந்தது 9 லட்சம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று. இன்று 15 லட்சம் ரூபாய் செலவாகும் கல்லூரிப் படிப்பு, ஆண்டுக்கு 8 சதவீதம் விலை உயர்ந்தால் 14 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 44 லட்சம் ஆகிவிடும். முதலீடு ஆண்டுக்கு 10 சதவீதம் வளரும் என்று கொண்டால், அத்தொகையைச் சேர்க்க மாதம் சுமார் 12,100 ரூபாய் ஒதுக்க வேண்டும். மிச்சத்தில் பாதி இதற்கே போய்விடும். மீதிப் பாதியில் ஓய்வுக்காலத்துக்கும், அவசரகால இருப்புக்கும், டெர்ம் பாலிசி எனப்படும் தூய ஆயுள் காப்பீட்டுக்கும் எப்படி இடம் காண்பது? கடனை விரைந்து அடைப்பதா, முதலீட்டைப் பெருக்குவதா? இவையெல்லாம் திட்டமிடலைச் சார்ந்த கேள்விகள். நிலையான கட்டணம் பெறும் ஆலோசகரிடம் ஒருமுறை முழுத் திட்டம் பெற்று, ஆண்டுக்கொருமுறை சரிபார்த்துக்கொண்டால் இக்குடும்பத்துக்குப் போதும். செல்வ மேலாளரால் இவர்களுக்கு இப்போது ஆவது ஒன்றுமில்லை.

இரண்டாம் குடும்பம், பணி ஓய்வு பெற்ற 60 வயது ஆசிரியை. ஓய்வுக்காலப் பலன்களாக 55 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. மாத ஓய்வூதியம் 32,000. மாதச் செலவு 48,000. பற்றாக்குறை 16,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் வைக்கலாம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும். ஆண்டு வட்டி 8.2 சதவீதம் என்று கொண்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய். இன்றைய பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 12 ஆண்டுகளில் அதே குடும்பச் செலவு மாதம் 96,000 ரூபாயைத் தாண்டும். மீதமுள்ள 25 லட்சத்தில் மருத்துவத்துக்கு எவ்வளவு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு வளர வேண்டும் என்பதே இவருடைய உண்மையான கேள்வி.

இவரிடம்தான் ஆபத்து அதிகம். 55 லட்சம் என்பது, தொகுப்பு மேலாண்மைச் சேவையின் குறைந்தபட்சமான 50 லட்சத்தைச் சற்றே தாண்டிய தொகை. எனவே செல்வ மேலாளரும் இவரை நாடி வரக்கூடும். அங்கே 50 லட்சத்தைப் பங்குகளில் போட்டால், வாழ்நாள் சேமிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உள்ளாகிவிடும். வட்டி வருமானத்துக்கு வைக்கப் பணமே இராது. குறைந்தபட்சத் தொகை என்பது சிறு முதலீட்டாளரைத் தள்ளி நிறுத்தச் செபி இட்ட வேலி. அதைத் தாண்டும் அளவுக்குப் பணம் இருப்பதாலேயே ஒருவருக்கு அது பொருத்தமானது என்று ஆகிவிடாது. இந்த ஆசிரியைக்கு வேண்டியவர் நிதித் திட்டமிடுநரே.

மூன்றாம் குடும்பம், தொழிற்கூடம் இருந்த நிலத்தை விற்றுத் தம் பங்காக 4 கோடி ரூபாய் பெற்றவர். ஏற்கெனவே ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் பங்குகளும், வாடகை வரும் இரண்டு கடைகளும் உண்டு. மகன் வெளிநாட்டில், மகள் உள்ளூரில் தொழில் நடத்துகிறார். இவர் முதலில் செல்ல வேண்டிய இடம் பட்டயக் கணக்காளரின் அலுவலகம். நிலம் விற்ற ஆதாயத்துக்கான வரிச் சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு. குறிப்பிட்ட சில பத்திரங்களில் விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்யலாம். குடியிருப்பு வீடு வாங்கிச் சலுகை பெற எண்ணினால், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளுக்குள் செலவிடாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது உயில். கணக்கில் மகளை நியமனதாரராகக் குறிப்பிட்டுவிட்டதால் பணம் அவருக்கே உரியதாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சொத்து பல வகை, வாரிசுகள் இரு நாடுகளில், வரிக் கணக்கு சிக்கலானது என்னும் இந்நிலையில்தான் செல்வ மேலாளரின் தொடர்ச்சியான பணி பயன்தரத் தொடங்குகிறது. அப்போதும், அவரோடு தொடர்பில்லாத ஆலோசகர் ஒருவரை நிலையான கட்டணத்தில் அமர்த்தி, ஆண்டுக்கொருமுறை செல்வ மேலாளரின் பணியைச் சரிபார்க்கச் செய்யலாம். 5 கோடிக்கு 1 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அத்துடன் ஒப்பிட்டால் சரிபார்க்கும் செலவு சிறிது.

செல்வ மேலாளரிடம் செல்லும்போது

தொகுப்பு மேலாண்மைச் சேவையைப் பெற முடிவு செய்தோர் அறிய வேண்டிய விதிகள் சில உண்டு. இச்சேவைக்கு முன்கூட்டியே கட்டணம் வாங்கக் கூடாது. நிர்வாகக் கட்டணம் நிலையானதாகவோ, ஆதாயத்தில் பங்காகவோ, இரண்டும் கலந்தோ இருக்கலாம். ஆதாயத்தில் பங்கு தரும் முறையில், தொகுப்பு முன்பு எட்டிய உச்ச மதிப்பைத் தாண்டினால் மட்டுமே கட்டணம் எழும். 50 லட்சம் 60 லட்சமாகி அதற்குக் கட்டணம் செலுத்திவிட்டோம் என்று கொள்வோம். பின் அது 54 லட்சமாகச் சரிந்து மீண்டும் 60 லட்சத்துக்கு ஏறினால், அந்த ஏற்றத்துக்கு இரண்டாம் முறை கட்டணம் கிடையாது. விலகும்போது வசூலிக்கும் கட்டணம் முதலாண்டில் 3, இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் அறவே கூடாது.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. பரஸ்பர நிதியில் நிதி மேலாளர் உள்ளுக்குள் பங்குகளை வாங்கி விற்பதற்கு நாம் வரி கட்டுவதில்லை. நம் யூனிட்டுகளை விற்கும்போதுதான் வரி. தொகுப்பு மேலாண்மைச் சேவையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் நம் பெயரில் நடந்ததாகவே கொள்ளப்பட்டு, அந்தந்த ஆண்டே நம் வரிக் கணக்கில் சேரும். ஆகவே அவர் காட்டும் ஆதாயம் கட்டணத்துக்கும் வரிக்கும் முன்பா, பின்பா என்று கேட்பது அவசியம்.

முதற் சந்திப்பில் கேட்க வேண்டியவை

1. தங்கள் பதிவு எண் என்ன? எந்த அமைப்பிடம் பெற்றது? பெற்ற எண்ணைச் செபியின் இணையதளத்தில் நாமே தேடிச் சரிபார்க்க வேண்டும்.

2. என்னிடமிருந்தும், நான் வாங்கும் திட்டங்களிலிருந்தும் ஓராண்டில் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய தொகை ரூபாயில் எவ்வளவு?

3. முதலீட்டைத் தவிரக் காப்பீடு, கடன், உயில், வரி ஆகியவற்றையும் பார்ப்பீர்களா?

4. என் இடர் தாங்கும் திறனை எவ்வாறு மதிப்பிட்டீர்கள்? அந்த மதிப்பீட்டின் நகலைத் தருவீர்களா?

5. பணம் யாருடைய பெயரில், எங்கே இருக்கும்? எந்தக் கணக்கை இயக்கும் அதிகாரத்தைத் தங்களுக்குத் தர வேண்டும்?

6. இடையில் விலக விரும்பினால் என்ன செலவு, எத்தனை நாள் ஆகும்?

7. இத்திட்டத்தில் மிக மோசமான ஆண்டு எப்படி இருக்கும்?

இரண்டாம் கேள்விக்கும் ஏழாம் கேள்விக்கும் நேரான விடை தருபவர், மற்றவற்றுக்கும் பெரும்பாலும் நேராகவே விடை தருவார். "அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்பதை விடையாக ஏற்க வேண்டாம்.

விலகி நிற்க வேண்டிய இடங்கள்

பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டுக்கு நிச்சய ஆதாயம் உண்டு என்று உறுதி கூறுபவர், எந்தப் பதிவு பெற்றிருந்தாலும் விதியை மீறுபவரே. முதலீட்டுத் தொகையைத் தம் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரிடம் பேச்சைத் தொடரவே வேண்டாம். ஆலோசகருக்கு நாம் தருவது கட்டணம் மட்டுமே, முதலீடு நிதி நிறுவனத்துக்கு நேரே செல்ல வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, ஓ.டி.பி., கடவுச்சொல் ஆகியவற்றை யாருக்கும் தரலாகாது. "இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்ற அவசரமும் எச்சரிக்கை மணியே.

பொருத்தமற்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை வாங்கிவிட்டால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். சிறு பிடித்தங்கள் போக மீதித் தொகை திரும்பக் கிடைக்கும். ஆவணத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிடாமல், அந்த முப்பது நாளுக்குள் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பாருங்கள். முதலீட்டு ஆலோசகர், தொகுப்பு மேலாளர் ஆகியோர்மீது குறை இருந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் தெரிவித்து, தீராவிடில் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் முறையிடலாம்.

பணம் சற்றுக் காத்திருக்கலாம்

பெருந்தொகை வந்த மறுவாரமே அதை எங்கேனும் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலோர்க்கு இல்லை. சொத்து விற்பனையில் உள்ள வரிக் காலக்கெடுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, மீதத்தைக் குறுகியகால வைப்புத்தொகையில் மூன்று மாதம் வைத்திருப்பதால் பெரிய இழப்பு ஏதும் நேராது. அந்த மூன்று மாதத்தில் ஒரு தாளை எடுத்துக் குடும்பத்துடன் அமர்ந்து ஐந்து செய்திகளை எழுதுங்கள்: மாதச் செலவு, மாத வருமானம், இருக்கும் சொத்து, இருக்கும் கடன், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வரவிருக்கும் பெருஞ்செலவுகள்.

எழுதி முடித்ததும் அத்தாளைப் பாருங்கள். "இது போதுமா, எதை எப்போது செய்வது?" என்ற கேள்வியே அதில் மேலோங்கி நின்றால், ஐ.என்.ஏ. பதிவுள்ள, நிலையான கட்டணம் பெறும் திட்டமிடுநரைத் தேடுங்கள். தேவைகள் அனைத்துக்கும் ஒதுக்கிய பின்னும் பெருந்தொகை மிஞ்சி, "பல இடத்தில் உள்ள இதை யார் கவனிப்பது, யாரிடம் சேர்ப்பது?" என்ற கேள்வி நின்றால், செல்வ மேலாளரை அணுகலாம். யாரை அணுகினாலும் அத்தாளையும் மேற்கண்ட ஏழு கேள்விகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தனியே செல்லாமல், வீட்டில் பணக் கணக்கை இனி அறிந்திருக்க வேண்டிய இன்னொருவரையும், அவர் மனைவியோ கணவரோ மகளோ மகனோ, உடன் அழைத்துச் செல்லுங்கள்.